நான் படிக்காமல் விட்ட வரி

ஆதாரம் எழுத்துக்காரர் சங்கத்திலிருந்து, அதாவது பத்திரம் எழுதுகிறவர்கள் சங்கத்திலிருந்து, போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, பேரும் ஊரும் நிரப்பினால் பத்திரம் தயார், நீங்கள் கையால் எழுதிய அந்தக் காலத்துப் பெருமையை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பெருமையாம்! நாற்பது வருஷம் அடுத்தவன் சொத்தை அடுத்தவனுக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு என்ன பெருமை? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு வாரம் மனசு அடங்கவில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன். அச்சுக்குப் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் எழுதப்போவது ஒரு ஒழிமுறியைப் பற்றி. ஒரு சொத்தில் பங்குள்ளவர் ‘எனக்கு வேண்டாம், இன்னாருக்கே இருக்கட்டும்’ என்று எழுதிப் பதிவு செய்து கொடுக்கிற பத்திரம் அது. வாளையார் எல்லையைத் தாண்டித் தமிழ்ப் பக்கம் போனால் விடுதலைப் பத்திரம் என்பார்கள். நான் எழுதிய ஒழிமுறிகளில் பாதிக்குமேல் அண்ணன் தம்பிகளுக்குத் தங்கச்சிகள் எழுதிக் கொடுத்தவைதான். மஞ்சள் பூசிய முகத்தோடு வந்து, கட்டைவிரலை உருட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தொழில் கற்ற கதையை நீட்டவேண்டாம். எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு பழைய எழுத்துக்காரரிடம் நாலு வருஷம் நகல் எழுதினேன். லைசென்ஸ் கிடைத்ததும் சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிரில் ஒரு மேஜை போட்டுக்கொண்டேன். வெட்டு விழுந்தால் எந்த வரியில் எத்தனை வெட்டு என்று அடியில் குறிக்கவேண்டும், வரி முடிவில் இடம் மிச்சமிருந்தால் கோடு இழுத்து அடைக்கவேண்டும், கிழக்கு மேற்கு எல்லைகளை நேரில் பார்த்தவனைப்போலச் சொல்லவேண்டும். இதெல்லாம் யாருக்கும் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் வேறொரு சங்கடம் இருந்தது. ஜனங்கள் பேசுவது தமிழ், ஆதாரம் எழுதுவது மலையாளம். தோட்டங்காட்டுக்காரர்களில் பலருக்கு மலையாளம் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படித்த பெண்களுக்கு அந்த எழுத்தே தெரியாது. அதனால் எழுதி முடித்ததும் எழுத்துக்காரன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லவேண்டும். பத்திரத்தின் அடியில் ‘தமிழில் வாசித்துப் பொருள் சொல்லிக் கேட்பித்தேன், சம்மதம் என்றார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் எங்களுக்குச் சோறு.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. படிக்கும்போதே கொஞ்சம் இழைத்துவிடுவேன். ஒரு பெரியவர் தன் மருமகனுக்கு நிலம் எழுதும்போது ‘குடித்துச் சீரழிந்தவனானாலும்’ என்று போடச் சொன்னார். போட்டேன். படிக்கும்போது அதை விழுங்கிவிட்டேன். மருமகன் சந்தோஷமாகப் போனான். அடிதடி இல்லாமல் காரியம் முடிக்கிறவன் என்று பேர் வந்துவிட்டது. நானும் அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மடையன்.

எழுபதுகளில் எங்களுக்கு வந்த சப்ரிஜிஸ்ட்ரார் பாஸ்கரன் சார். தெற்கே எங்கோ கொல்லம் பக்கத்து ஆள். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, யாரிடமும் சிரிக்கமாட்டார். பெண்கள் ஒழிமுறி எழுத வந்தால் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். கணவனும் அண்ணனும் தகப்பனும் வராந்தாவில் நிற்கவேண்டும். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லுவார். அவர் ‘இது சரிதானா’ என்று கேட்பதே இல்லை. பத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இதில எந்தா எழுதியிருக்கு? நீங்க சொல்லு” என்பார். சொல்லும்வரை பேசாமல் இருப்பார். ஒரு தடவை ஒரு அம்மாள் கால்மணி நேரம் வாயைத் திறக்கவில்லை, இவரும் திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். “பதிவில்லை, அடுத்தது” என்றார்.

சொன்னது சரியாக இருந்தால் இடது கட்டைவிரலைத் தானே பிடித்து மையில் உருட்டி ரிஜிஸ்டரில் வைப்பார். துடைக்கத் துணியும் அவரே கொடுப்பார். ஆனால் ஒன்று, எங்கள் ஊர்ப் பெண்கள் வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது. அப்போது பத்திரம் எழுதியவனைக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்திக்கொள்வார். “அவங்க சொன்னது அப்படியே சொல்லணும். ஒரு வாக்கும் கூட்டாதே, குறைக்காதே” என்பார்.

இனி தங்கமணி.

ஊரில் பெரிய தோட்டக்காரர் நாச்சிமுத்து. அவருடைய ஒரே தங்கச்சி அவள். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோனதால் அம்மா, அண்ணன், தங்கச்சி மூன்று பேருக்கும் நிலத்தில் பங்கு. அவர்கள் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க செல்லையா என்று ஒரு மெக்கானிக் வந்துபோய்க்கொண்டிருந்தான். வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் வேலைக்காரர்களின் மகன், திருநெல்வேலிப் பக்கத்து வம்சம், சாதி வேறு. ஒருநாள் தங்கமணி அவனோடு பஸ் ஏறிவிட்டாள். நாச்சிமுத்து கிணற்றடியில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தங்கச்சியைத் தலைமுழுகியாயிற்று. அம்மாவையும் ஊற்றிக்கொள்ளச் சொன்னாராம். அந்த அம்மாள் குடத்தைத் தொடவில்லை.

தலைமுழுகினால் சொந்தம் போகும், பங்கு போகாதே. ஒரு வருஷம் கழித்து நாச்சிமுத்து என் மேஜைக்கு வந்தார்.

“எழுத்துக்காரரே, அவகிட்ட ஒழிமுறி வாங்கோணும். சொல்லியுட்டாச்சு, வாரன்னுட்டா. நல்லா இறுக்கி எழுதுங்க.”

எழுதிக் காட்டினேன். போதாது என்றார். “இன்னொண்ணு சேருங்க. இனி இந்த ஊட்டுல நல்லது கெட்டது எதுக்கும் அவ வரப்படாது. பொறப்புக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. அவளே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கோணும்.”

“அதெல்லாம் சட்டத்துல நிக்காதுங்க. கோர்ட்டுல எடுத்தா ஒரு காசுக்குப் பெறாது.”

“நிக்குதோ படுக்குதோ, நீங்க எழுதுங்க.”

எழுதினேன். அந்த வட்டாரத்தில் பாதி ஆதாரங்கள் அவர் சொல்லித்தான் என் மேஜைக்கு வந்தன. பயமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ‘மேற்படி வீட்டில் ஜனனத்திலும் மரணத்திலும் எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை, நான் அங்கே பிரவேசிப்பதில்லை’ என்று பதினோராவது வரியில் விழுந்தது.

குறித்த நாளில் தங்கமணி வந்தாள். செல்லையா கூட வந்தான், ஆனால் நாச்சிமுத்து இருக்கிற இடத்துக்கு வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ரோட்டிலேயே நின்றுகொண்டான். நாச்சிமுத்து ஆபீஸ் சுவருக்கு அந்தப்பக்கம் முதுகைக் காட்டி நின்றார். தங்கமணி கையில் ஒரு தேயிலைப் பொட்டலம் வைத்திருந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்:

“ஏனுங்க, கையெழுத்துப் போட்டதும் அம்மாளைப் பாத்துட்டுப் போகலாமுங்களா?”

“யார் சொன்னா?”

“அம்மாதாங்க ஆள் சொல்லியுட்டுச்சு. நெலத்தைக் குடுத்துட்டா அண்ணனுக்குக் கோவம் போயிரும், வந்து போய் இருக்கலாம், அதனால யோசிக்காம குடுத்துரு கண்ணுன்னு. எனக்கு எதுக்குங்க நெலம்?”

எதை வாங்குவதற்காக அவள் நிலத்தைக் கொடுக்கிறாளோ, அதையும் சேர்த்தே பறிக்கிற பத்திரம் என் மேஜைமேல் இருக்கிறது. அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் நாச்சிமுத்துவுக்கும் மட்டும் தெரியும்.

படிக்க ஆரம்பித்தேன். எல்லை சொல்லும்போது “வடக்கே கிணறு” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “அந்தக் கெணத்து மோட்டாருக்குத்தானுங்க இவங்க வந்தது” என்று ரோட்டைப் பார்த்தாள். பத்தாவது வரி படித்தேன். பதினோராவது வரிக்கு வந்ததும் விரலை ஒரு வரி கீழே நகர்த்திப் பன்னிரண்டாவதைப் படித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். சட்டத்தில் நிற்காத வரி, இதைச் சொல்லி இந்தப் பிள்ளையை எதற்கு அழவைக்கவேண்டும் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவன் கோபம் எத்தனை நாளைக்கு, ஒரு குழந்தை பிறந்தால் தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன். காரியம் அடிதடியில்லாமல் முடியட்டும் என்றும் நினைத்தேன். இந்த மூன்றில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாஸ்கரன் சார் பத்திரத்தை முழுக்க வாசித்தார். என்னை மட்டும் முதலில் கூப்பிட்டார். பதினோராவது வரியில் பென்சிலை வைத்தார்.

“இது எந்தினு, எதுக்கு? ஒழிமுறின்னா வஸ்துவை, சொத்தை ஒழியறது. ஆளை ஒழியறதுக்கு இந்த ஆபீஸ்ல புஸ்தகம் இல்லை.”

“கட்சிக்காரங்க பிரியம் சார்.”

“இந்த வரியை அவங்களுக்குப் படிச்சோ?”

“படிச்சேன் சார்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தங்கமணியை வரச் சொன்னார். பத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

தங்கமணி மூச்சுவிடாமல் சொன்னாள். “எம்பட பங்கு நெலத்தையெல்லாம் அண்ணனுக்கே உட்டுக் குடுத்தர்றனுங்க. யாரும் மெரட்டலீங்க. இனிமே அம்மாளைப் பாக்க வந்து போய்ட்டிருப்பனுங்க, அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாருங்க.”

வேகமாகச் சொன்னதில் சாருக்குப் பின்பாதி பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினார். “எந்தா பறஞ்சது?”

ஒரு மனுஷனுக்குச் செய்த தப்பைத் திருத்திக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் சொன்னதை அப்படியே சொன்னால் போதும். சார் அந்த நிமிஷமே பத்திரத்தைத் தள்ளியிருப்பார். படித்தேன் என்று அஞ்சு நிமிஷத்துக்கு முன்பு சொன்ன பொய்யும் வெளியே வந்திருக்கும். லைசென்ஸ் போயிருக்கும்.

“எல்லாம் புரிஞ்சது, சம்மதம்னு சொல்றாங்க சார்” என்றேன்.

சார் அவள் விரலைப் பிடித்து உருட்டினார். துணி கொடுத்தார்.

வெளியே வந்தபோது நாச்சிமுத்து புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டிருந்தார். தங்கமணி அந்தத் திசையைப் பார்த்தாள். “இன்னும் கோவம் ஆறலையாட்ட இருக்குதுங்க. கொஞ்ச நாள் கழிச்சு வரட்டுங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“வா அம்மிணி, வா. எல்லாம் சரியாயிரும்” என்றேன் நான். வெட்கமில்லாமல் சொன்னேன். அவள் தேயிலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து அம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னாள். சேர்த்தேன். அந்த அம்மாள் அதை வாங்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. அந்த அம்மாள் படுத்தாள். நாச்சிமுத்து யாருக்கும் தகவல் சொல்லவிடவில்லை. உயிர் போனபிறகு தங்கமணியின் சின்னம்மாக்காரி யாரையோ பிடித்து வண்டிப்பெரியாருக்குத் தந்தி அடித்துவிட்டாள். மறுநாள் காலை ஊரே அந்த வாசலில் இருந்தது. நானும் இருந்தேன். குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெய் வைக்கிற நேரத்துக்குத் தங்கமணி வந்துசேர்ந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் அம்மாவுக்குக் கோடிச்சேலை. வாசற்படியிலேயே நாச்சிமுத்து குறுக்கே நின்றுகொண்டார்.

சின்னம்மா கத்தினாள். “பெத்த புள்ளைடா! எண்ணெய் வெச்சுட்டுப் போகட்டும்டா, பாவி!” ஊர்ப் பெரியவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாவு வீட்டில் கோபம் பார்க்கக்கூடாது நாச்சிமுத்து, வழியை விடு என்று ஒரு பெரியவர் அவர் தோளைப் பிடித்தார். இன்னும் ரெண்டு பேர் பிடித்திருந்தால் விலகியிருப்பார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார்: “நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவளே வரமாட்டன்னு எழுதிக் குடுத்திருக்கறா.”

உள்ளே போய்ப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். என்னிடம் வந்து நீட்டினார். “எழுத்துக்காரரே, நீங்க எழுதுனதுதானே? படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

சட்டத்தில் நிற்காத வரி! நான்தான் சொன்னேன். கோர்ட்டில் நிற்காத வரி ஒரு வாசற்படியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோராவது வரியைப் படித்தேன். மலையாளத்தில் படித்தேன். பிறகு தமிழில் பொருள் சொன்னேன். பெரியவர் நாச்சிமுத்துவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன பேச்சு என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

தங்கமணி நாச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இதை நீங்க அன்னைக்குப் படிக்கலீங்களே.”

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. ‘ஆமாம், படிக்கவில்லை’ என்றால் அவ்வளவுதான், பெரியவர் கை மறுபடி அந்தத் தோளுக்குப் போயிருக்கும். அவள் உள்ளே போயிருப்பாள். உள்ளே அந்த அம்மாளின் தலைமாட்டில் எண்ணெய்க் கிண்ணம் இருப்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

“படிச்சேன் அம்மிணி. நீ கவனிச்சிருக்கமாட்டே” என்றேன்.

அவள் வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். குழந்தை பசியில் கத்தியது. பாடை அவளைத் தாண்டிப் போனபோது யாரும் நிறுத்தவில்லை. கோடிச்சேலையைப் பிரித்து மேலே போடப் பார்த்தாள். தூக்கினவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். சேலை மண்ணில் விழுந்தது. அதை எடுத்து உதறி மடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே பாஸ்கரன் சாரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, “எழுதி ஒப்பிடு, கையெழுத்துப் போடு. ஜில்லா ஆபீஸுக்கு அனுப்பறேன். ஆதாரம் கோர்ட்டுல ரத்தாகும், நின்டெ லைசென்ஸும் போகும்” என்றார். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். பேனாவை மூடினேன். அவர் தாளைத் திரும்ப எடுத்து உறைக்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை என்னை அந்த அறையில் நிற்கவைத்ததில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷம் தாங்கினேன். பிறகு தாங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம், லைசென்ஸ் போனால் போகட்டும் என்று முடிவு செய்து வண்டிப்பெரியாருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து எஸ்டேட் லைன் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரே அறை, முன்னால் சின்ன வராந்தா. செல்லையா வேலைக்குப் போயிருந்தான். தங்கமணி கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். நான் படிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன், கேஸ் போடு, உன் பங்கு உனக்கு வந்துவிடும் என்றேன்.

அவள் சாக்கின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

“அன்னைக்கு அந்த வரியைப் படிச்சிருந்தீங்கன்னா நான் விரல் வெச்சிருக்கமாட்டனுங்க. எம்பட பங்குல ஒரு சாளையைப் போட்டுட்டு உக்காந்திருப்பன். அண்ணன் எத்தனை காவல் போட்டாலும் அம்மா வரப்பைத் தாண்டி எங்கிட்ட வந்திருக்குமுங்க. கடைசியில தண்ணி ஊத்தியிருப்பன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. அந்தச் சாளைக் குடிசையை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை கட்டிப் பார்த்திருக்கிறாள் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

“இப்பவாவது…” என்றேன்.

“இப்ப அங்க எனக்கு ஆருங்க இருக்கறாங்க?”

படி இறங்கினேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெண்குழந்தை எழுந்து வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

“அது யாரும்மா?”

“யாருமில்ல தங்கம். வழி தப்பி வந்துட்டாரு” என்றாள் தங்கமணி. கதவைச் சாத்திக்கொண்டாள்.